காட்டுப் படமும் நான் கேட்காத மன்னிப்பும்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ என் சமையலறை மேசையில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு, "அம்மா, ஏதாவது கதையுங்கோ, நான் பிரெஞ்சிலை சொல்லிப் பாக்கிறன்" என்றாய். வருகிற திங்கட்கிழமை முதல் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளனாக உட்காரப் போகிற பிள்ளைக்குப் பயிற்சி வேண்டும்தானே என்று நானும் கதைத்தேன். பஸ் பிந்தி வந்ததைச் சொன்னேன், கீழ்வீட்டுக் கிரேக்க அம்மாவின் பூனை எங்கள் படிக்கட்டில் குட்டி போட்டதைச் சொன்னேன். ஒரு சொல் தவறாமல் நீ பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வந்தாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில்தான் மியூசியத்தில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். நீ பேனையை மூடினாய். "இது வேண்டாம் அம்மா. வேறை ஏதும் சொல்லுங்கோ" என்றாய். நான் பூனைக்குத் திரும்பிப் போனேன்.

போயிருக்கக் கூடாது. அன்று சொல்லாமல் விட்டது இது. ஆகையால் எழுதுகிறேன். எழுதியதை நம்முடைய ஆட்கள் இங்கே நடத்துகிற மாத இதழுக்கும் கொடுக்கப் போகிறேன். உன் பெயரும் போடமாட்டேன், என் பெயரும் போடமாட்டேன். ஆனால் கொடுப்பேன். உன்னைப் போல எத்தனையோ பிள்ளைகள் இந்த ஊரில் தங்கள் தாய் தகப்பனுக்கு வாயாக இருக்கிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும், அவர்களைப் பெற்றவர்களும் வாசிக்கட்டும்.

மியூசியத்தில் அந்தப் படத்தை நான் எப்படிக் கண்டேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. இங்கே கனடாவில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நாங்கள் மூன்றாம் மாடியில் குடியிருந்த காலம். அப்பா கொழும்பில் மாரடைப்பில் போய் நாலு வருடம். உனக்குப் பதினைந்து வயது. நான் ஏழு மணிக்குப் போய் மூன்றரைக்கு முடிகிற தையல் தொழிற்சாலையில் குளிர்கோட்டுகளுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். ஒரு புதன்கிழமை பத்திர அலுவலாக நகரத்துக்குள் போனேன். அலுவல் முடிந்து தெருவுக்கு வந்தால் முகத்தைப் பிய்க்கிற காற்று. உண்மையைச் சொல்கிறேன், மலசலகூடம் தேடித்தான் அந்தக் கட்டடத்துக்குள் போனேன். புதன் பின்னேரங்களில் கட்டணம் இல்லை என்று வாசலில் எழுதியிருந்தார்கள். போன அலுவலை முடித்துவிட்டு வெளியே போகிற வழியைத் தவறவிட்டு, ஒரு சின்ன அறைக்குள் போய் நின்றேன். அங்கே அது இருந்தது.

ஒரு காடு. ஒரு தலையணை அளவுதான் படம். இரண்டு பக்கமும் மரங்கள், நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை, ஒரு மூலையில் மழைத்தண்ணீர் தேங்கிய பள்ளம். மனிதர் இல்லை, மாடு இல்லை, வீடு இல்லை. தூரத்தில் நின்றால் இலைகளுக்குள்ளால் வெயில் இறங்கி நிலத்தில் அசைகிற மாதிரி இருக்கும். கிட்டப் போனால் காடே இல்லை, வெறும் பூச்சு. பச்சைக்குப் பக்கத்தில் மஞ்சள், மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா. ஒரு மரத்துக்குக் கூட ஓரக்கோடு போடவில்லை. நான் நாள் முழுக்க நூலின் நிறம் துணியின் நிறத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறவள். நிழல் என்றால் கறுப்பு என்றுதான் நினைத்திருந்தேன். இதை வரைந்த மனிதன் நிழலுக்கு ஒரு பொட்டுக் கறுப்பும் தொடவில்லை. நீலமும் ஊதாவும் வைத்தே நிழலை விழுத்தியிருக்கிறான். பின்னேரம் நாலரை மணிக்கு, ஈரச் சப்பாத்தோடு, வாயைத் திறந்தபடி நான் நின்றேன்.

அடுத்த புதன் எண்பதாம் இலக்க பஸ் எடுத்துப் போனேன். அதற்கடுத்த புதனும் போனேன். அந்த அறையில் இருந்து பார்க்க ஒரு நீள வாங்கு போட்டிருந்தார்கள். அரை மணித்தியாலம் இருந்து பார்ப்பேன், எழும்பிக் கிட்டப் போய்ப் பார்ப்பேன், வீட்டுக்கு வருவேன். அவ்வளவுதான். ஆனால் இந்த அவ்வளவுதான் எங்கள் ஆட்களுக்குப் போதவில்லை. லாசால் பகுதியில் இருந்து உன் மாமா வந்து கதிரையில் இருந்துகொண்டு கேட்டது உனக்கு நினைவிருக்கும், நீயும் பக்கத்தில்தான் இருந்தாய்.

"உனக்கு அங்கை என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்லை அண்ணை."

"பேந்து ஏன் போறாய்?"

"ஒரு படம் இருக்கு. பாக்கப் போறன்."

"என்ன படம்?"

"காடு."

மாமா கதிரையை உன் பக்கம் திருப்பினார். பிறகு உன்னைப் பார்த்து, "கொம்மாவுக்கு மனம் சரியில்லை, அப்பாவை நினைக்கிறா போலை" என்றார். என்னை எதிரில் வைத்துக்கொண்டு! அவர் மட்டும் இல்லை. கோயிலில் கண்டவர்களும் அதைத்தான் கேட்டார்கள். ஊர் நினைவோ, வன்னிக் காடு போல இருக்கிறதோ, அவர் போன துக்கமோ என்று. இல்லை என்று சொன்னால் நம்பமாட்டார்கள். நான் யாழ்ப்பாணப் பட்டணத்தில், கடைத்தெருவுக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவள். காடு என்று ஒன்றை என் காலால் மிதித்ததில்லை. அந்தப் படத்தில் இருக்கிற மரத்தின் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. எனக்கு அது பிடித்திருந்தது. அந்த அறைக்குள் ஒவ்வொரு கிழமையும் நீலக் கழுத்துத்துணி கட்டிய ஒரு கனவானும் வருவார், அதே வாங்கில் இருப்பார். அவரிடம் ஒருவரும் காரணம் கேட்டதில்லை.

இந்த இடத்தில் என் பிழை ஒன்றையும் எழுதிவிட வேண்டும். ஒரு புதன் உனக்குக் காய்ச்சல். தொட்டுப் பார்த்தேன், சுட்டது. மாத்திரையும் தண்ணீரும் வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வரும்போது நீ கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாய். அதற்கு என்னிடம் நியாயம் இல்லை, நியாயம் தேடவும் மாட்டேன். படம் எங்கும் போயிராது, நான் அன்று வீட்டில் நின்றிருக்க வேண்டும்.

இனி நீ பேனையை மூடிய இடத்துக்கு வருகிறேன். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாசி மாதம், உனக்குப் பதினேழு. எங்கள் வதிவிடப் பத்திரம் இன்னும் வரவில்லை. நான் படத்துக்குக் கிட்ட நின்று, அந்தத் தண்ணீர்ப் பள்ளத்தில் எத்தனை நிறம் என்று விரலைக் காற்றில் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தேன். காவலாளி ஓடி வந்தான். படத்தின் கீழ் மூலையைக் காட்டி என்னவோ சொன்னான். அங்கே நகக்கீறல் போல ஒரு வெள்ளைக் கோடு. நான் தலையை ஆட்டி இல்லை என்றேன். ஒரு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். என் கைப்பையைக் கவிழ்த்தார்கள். சாப்பாட்டுப் பெட்டி, பஸ் சீட்டு, உன் பள்ளிக்கூடப் படம், கடைசியாக நூல் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோல். தொழிற்சாலையில் எல்லோரின் பையிலும் அது இருக்கும். அதைக் கண்டதும் அங்கிருந்த பொறுப்பாளரின் முகம் மாறிவிட்டது. வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு உன்னை அழைத்தார்கள்.

நீ வந்தாய். தொப்பியில் பனியோடு, மூச்சு வாங்க வந்தாய். அந்த மனிதர் உன்னோடு நிறையக் கதைத்தார். பொலிஸ் என்ற சொல் எனக்கும் விளங்கியது. நீ என்னிடம், "அம்மா, நீங்கள் தொட்டனீங்களோ?" என்று கேட்டாய்.

"தொடேல்லை. நான் ஒரு பிழையும் செய்யேல்லை எண்டு சொல்லு. என்ரை பையைக் கொட்டினதுக்கு அவர்தான் என்னட்டை மன்னிப்புக் கேக்க வேணும் எண்டும் சொல்லு."

நீ அவர் பக்கம் திரும்பி நீளமாக ஏதோ சொன்னாய். நான் சொன்னது இரண்டு வசனம். நீ சொன்னது ஏழு எட்டு இருக்கும். அதில் ஒரு சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். மலாட். தொழிற்சாலைக்கு வராத பெண்கள் தொலைபேசியில் சொல்கிற சொல், சுகமில்லை என்று அர்த்தம். அந்த மனிதரின் முகம் இளகியது. என்னைப் பாவம் போலப் பார்த்தார். ஒரு தாளைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். "சும்மா ஒரு ஒப்பம் அம்மா, போட்டால் போகலாம்" என்றாய். போட்டேன், ஒரு பிரதியை என் கையில் தந்தார்கள்.

பஸ்ஸில் கேட்டேன். "மலாட் எண்டு ஏன் சொன்னனீ?"

"அது சும்மா ஒரு சொல்லு அம்மா."

"ஆருக்குச் சுகமில்லை?"

நீ எழும்பி மணிக்கயிற்றை இழுத்தாய். நானும் விட்டுவிட்டேன், புதன்களில் அங்கே போவதையும் விட்டுவிட்டேன். அந்த வைகாசியில் பத்திரம் வந்தது. மாமா கேக் வாங்கிக்கொண்டு வந்தார்.

சனிக்கிழமைப் பிரெஞ்சு வகுப்பில் நான் சேர்ந்தது அதற்குப் பிறகுதான். நாற்பத்திரண்டு வயதில், கொப்பிக்கு உறை போட்டுக்கொண்டு போனேன். ஒன்றரை வருடம் கழித்து, சமையலறை லாச்சியை இழுத்து அந்தத் தாளை எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். இந்தப் பெண் படத்தைத் தொட்டதை ஒத்துக்கொள்கிறாள். கணவன் இறந்ததில் இருந்து மனநலம் குன்றியிருக்கிறாள். மன்னிப்புக் கேட்கிறாள். இனி இந்தக் கட்டடத்துக்குள் வரமாட்டாள். கீழே என் ஒப்பம், வடிவான தமிழில்.

நீ பல்கலைக்கழகத்தால் வந்தாய். தாளை உன் முன்னால் வைத்தேன்.

"நீதானே இதைச் சொன்னனீ?"

"ஓம். பொலிஸுக்குப் போயிருந்தால் பேப்பர் வந்திருக்காது அம்மா. உங்களைக் காப்பாத்தத்தான் சொன்னனான்."

"நான் விசரி எண்டு சொல்லியோ?"

"அவையளுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. நான் குடுத்தன்."

நான் உன் கன்னத்தில் அடித்தேன். உனக்குப் பத்தொன்பது வயது, என்னை விட ஒரு அடி உயரம். அடித்த கை அன்று முழுக்க நொந்தது. நீ உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு லாசாலுக்கு, மாமா வீட்டுக்குப் போனாய். நான்கு மாதம் நாங்கள் கதைக்கவில்லை. அடித்தது பிழை. கோபப்பட்டது பிழை இல்லை. இரண்டையும் நீ ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே.

அந்த நான்கு மாதத்தில் நான் நிறைய யோசித்தேன். சொல்லை மாற்றிச் சொல்ல உனக்கு யார் பழக்கியது? இங்கே வந்த முதல் வருடம், உனக்குப் பன்னிரண்டு வயது. எனக்கு உதிரம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. டொக்டரிடம் உன்னைத்தான் கூட்டிக்கொண்டு போனேன், வேறு யாரைக் கேட்பது? சொல்லு, சொல்லு என்று உன்னைப் பிடித்துத் தள்ளினேன். நீ காது சிவக்க நின்று, வயிற்றுவலி என்றாய். டொக்டர் வயிற்றுவலிக்கு மருந்து தந்தார். இரண்டு கிழமை கழித்து நான் தொழிற்சாலையில் மயங்கி விழுந்தேன். அப்போதும் உன்னைத்தான் ஏசினேன். ஒரு ஆண்பிள்ளையின் வாயில், அந்த வயதில், அந்தச் சொல்லை வைத்தது நான். வீட்டுக்காரரிடம், வங்கியில், குடிவரவில், எங்கேயும் உன்னை முன்னால் நிறுத்திப் பின்னால் ஒளிந்ததும் நான்தான். பெரியவர்களின் கோபத்தையும் வெட்கத்தையும் சுமந்த பிள்ளை அவற்றைச் சின்னதாக்கித்தான் சுமக்கும். அதற்காக உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கிறேன். பார், கேட்க வேண்டிய இடத்தில் எனக்குக் கேட்கத் தெரியும்.

பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு தனியே மியூசியத்துக்குப் போனேன். புதன்கிழமை இல்லை, கட்டணம் உள்ள நாளில், சீட்டு வாங்கிக்கொண்டே போனேன். ஒரு கிழமை கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கிய வசனத்தைப் பிரெஞ்சில் சொன்னேன். "இந்த ஒப்பம் என்னுடையது. இந்தச் சொற்கள் என்னுடையவை இல்லை." மேசையில் இருந்தவள் விளங்காமல் பார்த்தாள். இரண்டாம் தரமும் சொன்னேன். பழைய பொறுப்பாளர் அங்கே இல்லை. வேறு ஒரு அம்மா வந்தார், நரைத்த தலை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. தாளை வாசித்துவிட்டு, "இது பழைய விஷயம் மடாம். யாருக்கும் நினைவில்லை. நீங்கள் தாராளமாக உள்ளே போய்ப் பார்க்கலாம்" என்றார்.

"எனக்கு நினைவிருக்கிறது" என்றேன். "நான் உள்ளே போக வரவில்லை. இதைத் திருத்த வந்தேன்."

அன்று நடக்கவில்லை. அடுத்த கிழமை வரச் சொன்னார்கள், போனேன். அதற்கடுத்த கிழமை அவர் விடுமுறை, மறுபடியும் போனேன். ஐந்தாவது தரம் அந்த அம்மா என்னை உட்கார வைத்துக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். படங்களைப் பழுதுபார்க்கிறவர்களின் பதிவை எடுத்துப் பார்த்தாராம். அந்தக் கீறல் நான் கனடாவுக்கு வர முந்தியே அங்கே இருந்திருக்கிறது. படத்தின் மரச்சட்டத்தை மாற்றும்போது உரசி வந்தது. அன்றைக்கு அந்தப் பதிவை எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் அழவில்லை. அதை எழுத்தில் தரச் சொன்னேன். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார். பத்து நாளில் கடிதம் வந்தது. எனக்கு அங்கே வரத் தடை இல்லை என்று மட்டும் ஒரு வரி. கீறலைப் பற்றி ஒரு சொல் இல்லை. மன்னிப்பும் இல்லை. அந்தக் கடிதத்தையும் பழைய தாளையும் கொண்டு திரும்பவும் போனேன். அந்த அம்மா பெருமூச்சு விட்டார். பிறகு மேசையிலிருந்த பேனையை எடுத்து, பழைய தாளின் குறுக்கே, என் ஒப்பத்தைத் தொடாமல், அனுலே என்று பெரிதாக எழுதினார். செல்லாது என்று அர்த்தம். அதன் கீழே தன் பெயரை முழுதாக எழுதினார். "இதற்காக என்னைக் கேள்வி கேட்பார்கள்" என்றார். "கேட்டால் என்னைக் கூப்பிடுங்கள், நான் வந்து சொல்கிறேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

அன்று அவர்தான் என்னோடு படத்துக்கு முன்னால் வந்து நின்றார். இப்படி வரைந்தவர்களை அந்தக் காலத்தில் அரைகுறை என்று சொல்லிச் சிரித்தார்களாம், பெரிய கண்காட்சிகளில் இடம் கொடுக்கவில்லையாம். ஓரக்கோடு போட்டு, கறுப்பு வைத்து, ஒழுங்காக முடித்துக் கொண்டுவா என்றார்களாம். இந்த மனிதன் போடவில்லை. அடுத்த வருடமும் காட்டுக்குள் போய் ஊதா நிறத்தில் நிழல் வைத்தான். எனக்கு அவன் மேல் மரியாதை இன்னும் கூடிவிட்டது.

நீ நான்கு மாதம் கழித்து இடியப்பப் பெட்டியோடு வந்தாய், கதைக்கத் தொடங்கினோம். அதற்குப் பிறகு இதைப் பற்றிப் பேசினதே இல்லை. நான் உன்னைக் குற்றவாளியாக்க இதை எழுதவில்லை. பதினேழு வயதில் பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டுப் பயந்த பிள்ளை செய்ததை நான் எப்போதோ விளங்கிக்கொண்டேன். ஆனால் உன் சொல்லால்தான் பத்திரம் வந்தது என்று நீ இன்னும் நம்புகிறாய். அதை நான் ஏற்கமாட்டேன். நான் சொன்னதை நீ சொல்லியிருந்தால் அந்தப் பதிவை அன்றைக்கே எடுத்துப் பார்த்திருப்பார்களோ என்னவோ. தெரியாது. எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அந்தத் தெரியாததை, அதன் ஆபத்தோடு, என் தலையில் ஏற்றிக்கொள்ளும் உரிமை எனக்குத்தான் இருந்தது. உன் முன்னால் வந்து உட்காரப் போகிறவர்களுக்கும் அப்படித்தான். ஒருத்தி கோபமாகச் சொன்னால் கோபத்தையும் கொண்டு போ. ஒருவன் தனக்குக் கேடாக ஒன்றைச் சொன்னால் அதையும் சொல். அவர்களுக்காக இரங்கி ஒரு சொல்லையும் மாற்றாதே. இரக்கப்பட வேறு ஆட்கள் இருப்பார்கள், அவர்கள் சொன்னதைச் சொல்ல நீ ஒருவன்தான் இருப்பாய்.

கஷ்டமான வேலைதான், எனக்குத் தெரியும். போன மாதம் நானும் செய்தேன். உனக்கு நான் இதைச் சொல்லவில்லை. தொழிற்சாலையில் புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்திருக்கிறாள், வந்து மூன்று மாதம், பருத்தித்துறைப் பக்கம். அவள் தைத்த நாற்பது கோட்டுகளுக்குக் கை மாறிப் பொருத்தப்பட்டுவிட்டது. வெட்டுகிற மேசையில் இடதையும் வலதையும் மாற்றிக் கட்டியிருந்தார்கள், எல்லோருக்கும் தெரியும். மேற்பார்வையாளர் அவள் தலைக்கு மேலே நின்று கத்தினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "மன்னிப்புக் கேட்கச் சொல், இத்தோடு விடுகிறேன்" என்றார். நான் அப்படியே அவளுக்குச் சொன்னேன்.

அவள் தையல் மெஷினில் இருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "கட்டித் தந்தது பிழை. நான் ஏன் கேக்க வேணும்? இந்த மனுசன் எருமைமாடு மாதிரிக் கத்துறதை முதல் நிப்பாட்டச் சொல்லுங்கோ அக்கா."

நான் ஒரு கணம் யோசித்தேன் தம்பி, பொய் சொல்லமாட்டேன். வாடகை நினைவுக்கு வந்தது, அவள் வயது நினைவுக்கு வந்தது. மெதுவாக ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அப்போது நீ பட்ட பாடும் எனக்கு விளங்கியது. ஆனாலும் முதல் வசனத்தைச் சொன்னேன். இரண்டாவதையும் சொன்னேன். எருமைக்குப் பிரெஞ்சுச் சொல் தெரியாததால் பசுமாடு என்றேன். நாலு வரிசை மெஷின்களும் நின்றுவிட்டன. யாரோ சிரித்தார்கள்.

மேற்பார்வையாளரின் முகம் சிவந்தது. என் பக்கம் குனிந்து, "இது அவள் சொன்னதா, நீ சொன்னதா?" என்று கேட்டார்.

"அவள் சொன்னதுதான் ஐயா" என்றேன். "பசுமாடு மட்டும் என் பிழை. அவள் சொன்னது எருமை. அந்தச் சொல்லை நான் இன்னும் படிக்கவில்லை."

அவளை அவர் வேலையால் நிற்பாட்டவில்லை. என்னை இரண்டு கிழமை வீட்டில் நிற்கச் சொன்னார். நின்றேன். அந்த இரண்டு கிழமையில்தான் அகராதியில் எருமையைத் தேடிப் பிடித்தேன். இப்போது தெரியும்.

அன்புடன்,
உன் அம்மா